வாயால் கல்லரிக்கும் மீன்

அயிரை வாங்கி வந்தால் அடுக்களையில் கத்திக்கு வேலை இல்லை. உயிரோடு துள்ளும் மீனை அப்பத்தா ஒரு சட்டித் தண்ணீரில் விடுவார். கொஞ்ச நேரத்தில் அதை இறுத்துவிட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றுவார். ஒரு விரல் நீளமே இருக்கும் அந்த மீன்கள் பாலுக்குள் நெளிந்து நெளிந்து வயிற்றிலும் வாயிலும் இருக்கும் மண்ணைக் கக்கும். பிறகு பார்த்தால் சட்டியின் அடியில் கண்மாய் மண் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். அதற்கப்புறம்தான் கல் உப்பைப் போட்டு, சொரசொரப்பான மண்சட்டியில் உரசுவது. குடல் எடுக்க முடியாத பொடி மீன், முழுதாகத்தான் குழம்பில் போடவேண்டும். மண் போகாவிட்டால் குழம்பு பல்லில் நறநறக்கும்.

"மண்ணுக்குள்ளயே கெடந்து மண்ணையே மேயிற மீனுடா இது" என்பார் அப்பத்தா.

அந்தச் சட்டியின் அடியில் படிந்த மண் பல வருடம் கழித்து எனக்கு நினைவுக்கு வந்தது. திண்டுக்கல் பக்கம் தாடிக்கொம்பில் எங்கள் வீட்டு முன்னறையில், கண்ணாடித் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தவை தென் அமெரிக்க மீன்கள். ஜியோபேகஸ் என்பது அவற்றின் பேரினப் பெயர். வண்ணமீன் கடைகளில் சுருக்கமாக 'ஜியோ'. சென்னை கொளத்தூர்ச் சந்தையிலிருந்து, ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பையில் இரவுப் பேருந்தில் வந்தவை.

ஒரு மீன் தலையைக் கீழே சாய்த்தது. வாய் குழாய்போல் முன்னே நீண்டது. கண்ணுக்குக் கீழ்வரை மணலில் புதைந்தது. வாய் நிறைய மணலை அள்ளிக்கொண்டு நிமிர்ந்து, நின்ற இடத்திலேயே மென்றது. தொண்டைப் பக்கம் புடைத்துப் புடைத்து அடங்கியது. இரண்டு செவுள் மூடிகளின் அடியிலிருந்தும் மணல் இரண்டு மெல்லிய தாரையாக ஒழுகியது. வாயில் மிஞ்சியதைப் பொசுக்கென்று துப்பியது. ஒரு சாண் நகர்ந்து மறுபடி குனிந்தது. இதைப் பகல் முழுக்கச் செய்கிறது. தொட்டியில் இருக்கும் ஆறு மீன்களும் செய்கின்றன.

அப்போதுதான் புரிந்தது, இது நம் வீடுகளில் நடக்கிற வேலை. ரேஷன் அரிசியைத் தண்ணீரில் போட்டு, சட்டியைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டி, அரிசியை ஒரு பக்கமும் கல்லை ஒரு பக்கமும் பிரிப்பதற்குக் கல்லரித்தல் என்று பெயர். புடைத்தல், கொழித்தல், சலித்தல், அரித்தல் என்று கலந்து கிடப்பதைப் பிரிப்பதற்கே நம்மிடம் இத்தனை சொற்கள். இந்த மீன் கையில்லாமல், முறமில்லாமல், சட்டியில்லாமல் வாய்க்குள்ளேயே அரிக்கிறது. சட்டியில் அரித்தெடுப்பது அரிசி. இதன் வாயில் மிஞ்சுவது கண்ணுக்கே தெரியாத புழுவும் பூச்சியும்.

மண் தின்னி என்ற தவறான பெயர்

ஜியோபேகஸ் என்றால் கிரேக்க மொழியில் மண் தின்னி. 1840-ல் இந்தப் பெயரை வைத்தவர் வியன்னாவின் மீனியல் அறிஞர் யோஹான் யாகோப் ஹெக்கல். தென் அமெரிக்காவுக்கு அவர் போனதே இல்லை. யோஹான் நாட்டரர் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் 1817 முதல் 1835 வரை பிரேசிலின் காடுகளிலும் ஆறுகளிலும் அலைந்து சேகரித்து அனுப்பிய மீன்களை வைத்துத்தான் ஹெக்கல் எழுதினார். அவற்றுள் ஒன்றுக்கு ஜுருபாரி என்று பெயர் வந்தது. அமேசான் பழங்குடி மக்களின் கதைகளில் வரும் ஓர் ஆவியின் பெயர் அது. அந்த மீன் இன்று சட்டனோபெர்க்கா என்ற பேரினத்தில் இருக்கிறது. அதுவும் மணல் அரிக்கும் கூட்டம்தான்.

பெயர் மண் தின்னி என்றாலும் மீன் தின்பது மண்ணை அல்ல. அள்ளிய மணலில் ஏறக்குறைய எல்லாமே திரும்ப வெளியே போய்விடுகிறது. வைத்துக்கொள்வது மணலுக்குள் ஒளிந்திருந்த உயிர்களை: கொசுபோலத் தோன்றும் சில பூச்சிகளின் செந்நிறப் புழுக்கள், கடுகில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் ஓட்டுயிர்கள், பொடி நத்தைகள், விதைகள், மட்கிய இலைத் துணுக்குகள்.

இந்த வகையில் இன்னொரு மீன் ஹெக்கலுக்கு அரை நூற்றாண்டு முன்பே ஐரோப்பாவுக்குத் தெரிந்திருந்தது. பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் எலீசர் ப்ளாக் 1791-ல் சூரினாம் நாட்டு மீன் ஒன்றை விவரித்தார். இன்று அது ஜியோபேகஸ் சூரினாமென்சிஸ். அதற்கு ஓராண்டு முன்னால், 1790-ல், அவரே நம் பக்கத்து மீன் ஒன்றையும் விவரித்திருந்தார். கேரளம் 2010-ல் மாநில மீனாக அறிவித்த கரிமீன்தான் அது. சூரினாம் மீனைக் கடல் மீன் பேரினம் ஒன்றோடும் கரிமீனைப் பவளப்பாறை வண்ணத்துப்பூச்சி மீன்களோடும் சேர்த்தார் ப்ளாக். இரண்டும் ஒரே குடும்பம் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. தமிழ்நாட்டுக்கும் ப்ளாக்குக்கும் நேரடித் தொடர்பே உண்டு. தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் சோழமண்டலக் கரையின் மீன்களைப் பதப்படுத்தி அவருக்கு அனுப்பிவந்தார். அதற்கு நன்றியாக ப்ளாக் ஒரு மீன் பேரினத்துக்கே ஜானியஸ் என்று பெயரிட்டார். நம் கடற்கரையில் கத்தாழை என்று விற்கும் மீன்களில் சில அந்தப் பேரினத்தவை.

அந்தப் பொதுக் குடும்பம் சிக்லிட். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை என்று கடல்கள் பிரித்த நிலங்களில் பரவிக் கிடக்கும் நன்னீர் மீன்கள். கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உடைந்தபோதே பிரிந்தனவா, பிறகு கடலைக் கடந்தனவா என்று ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். சிக்லிட் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்களும் அந்த மீனைத் தின்றிருப்பார்கள். குளத்து ஜிலேபி மீன் ஆப்பிரிக்கச் சிக்லிட்தான்.

வாய்க்குள் ஒரு சல்லடை

சிக்லிட்களுக்கு இரண்டு ஜோடித் தாடைகள். முகத்தில் தெரிவது ஒன்று. தொண்டைக்குள் மறைந்திருப்பது இன்னொன்று. செவுள்களைத் தாங்கும் எலும்பு வளைவுகளில் கடைசி வளைவு உருமாறி, பல் முளைத்து, அரைக்கும் ஆலையாகிவிட்டது. ஹார்வர்டில் பணியாற்றிய கேரல் லீம் 1973-ல் இதன் முக்கியத்துவத்தை விளக்கினார். இரையை உடைப்பதையும் அரைப்பதையும் தொண்டைத் தாடை ஏற்றுக்கொண்டதால், முன் தாடைக்கு விடுதலை கிடைத்தது. அது சுரண்டலாம், உறிஞ்சலாம், கவ்வலாம், குழாய்போல் நீளலாம். ஒரே குடும்பத்தில் 1,700-க்கும் மேற்பட்ட இனங்கள் இத்தனை விதமான உணவுகளைத் தின்று பிழைப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது அவர் கருத்து.

ஜியோபேகஸ் இந்த ஏற்பாட்டுக்குள் மேலும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. முதல் செவுள் வளைவின் மேற்பகுதியில் சதைப்பிடிப்பான ஒரு மடல் தொங்குகிறது. அதன் ஓரத்தில் சிறு சிறு முட்கள். மணலும் தண்ணீரும் வாய்க்குள் போனதும், வாயின் தரையும் மேற்கூரையும் மாறி மாறி அழுத்தி அந்தக் கலவையை முன்னும் பின்னும் அலசுகின்றன. நாம் சட்டியை ஆட்டுகிறோமே, அதே ஆட்டம். கனமான மணல் செவுள் இடுக்குகள் வழியே நழுவுகிறது. மெல்லிய புழு முட்களிலும் கோழையிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது பின்னால் தள்ளப்பட்டுத் தொண்டைத் தாடைக்குப் போகிறது. சில நொடிகளில் ஒரு வாய் மணல் முடிந்துவிடுகிறது.

மீனின் வாயிலும் உதட்டிலும் சுவை மொட்டுகள் நிறைய. ஆகவே அரிப்பது எடையையும் பருமனையும் வைத்து மட்டும் நடப்பதில்லை, ருசி பார்த்தும் நடக்கிறது. செவுளோ மிக மென்மையான உறுப்பு. ரத்தம் தண்ணீரைத் தொடும் தூரத்தில் ஓடும் இடம். அந்த மென்மையான இடத்தை ஒட்டித்தான் நாள் முழுக்க மணல் ஓடுகிறது. ஏன் புண்ணாகவில்லை? இதற்கு விடை மணலில் இருக்கிறது.

எந்த மணல்

என் முதல் தொட்டியில் எம்-சாண்ட் போட்டேன். வீட்டு வேலை நடந்த இடத்தில் குவிந்து கிடந்தது. நன்றாகக் கழுவியும் போட்டேன். முதல் வாரம் மீன்கள் குனிந்தன. இரண்டாவது வாரம் குனிவது குறைந்தது. பிறகு தலையை மேலே தூக்கி, பெல்லட் விழும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றன. ஒன்றின் கீழுதடு வெளுத்துச் சிதிலமாகியிருந்தது. ஒரு சிட்டிகை எம்-சாண்டை உள்ளங்கையில் வைத்து, குழந்தை விளையாடும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு துகளும் உடைந்த பீங்கான். முனை, விளிம்பு, கூர்.

எம்-சாண்ட் பாறையை எந்திரத்தில் மோதவிட்டு உடைத்தது. உடைந்த நாள் நேற்று. ஆற்று மணலின் கதை வேறு. மலையில் பாறை வெயிலிலும் மழையிலும் நொறுங்கி, இளகியவை கரைந்துபோக, கெட்டியான குவார்ட்ஸ் துகள்கள் வெள்ளத்தில் உருண்டு வருகின்றன. ஒன்றோடொன்று மோதி மோதி முனை மழுங்குகிறது. இதற்கு மனித ஆயுள் கணக்குப் போதாது. எங்கள் குடகனாறு கீழ்ப் பழனி மலைப் பக்கம் பிறந்து, ஆத்தூர் காமராசர் அணையைத் தாண்டி, தாடிக்கொம்பைத் தொட்டு, வேடசந்தூர்ப் பக்கம் அழகாபுரி அணையில் தங்கி, அமராவதியில் சேர்கிறது. வருடத்தில் பெரும்பாலான நாள் வறண்டு கிடக்கும் ஆறு. ஆனாலும் அதன் படுகை மணலை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் முனைகள் மழுங்கித் தெரியும். அந்த மழுங்கல்தான் செவுளுக்குப் பாதுகாப்பு.

அதற்காக ஆற்றில் இறங்கி அள்ளவேண்டியதில்லை. அது சட்டத்துக்கும் ஆற்றுக்கும் விரோதம். பழைய வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் ஆற்று மணல் இரண்டு சட்டி கிடைத்தால் போதும். இல்லாவிட்டால் நீச்சல் குள வடிகட்டிக்கு விற்கும் உருண்டை சிலிக்கா மணல் நன்றாக இருக்கும். முதலில் டீ வடிகட்டியில் சலித்துப் பருக்கையை ஒதுக்கவேண்டும். அரை மில்லிமீட்டர் அளவுத் துகள் இந்த மீனுக்கு உகந்தது. பருக்கைக் கல்லைப் போட்டால் வாயில் அள்ள முடியாது. அள்ளினாலும் செவுள் வழியே வெளியேறாது. பிறகு வாளியில் போட்டுக் கையால் கலக்கிக் கலக்கிக் கழுவவேண்டும். முதல் தண்ணீர் காபிபோல் வரும். பதினைந்தாவது தண்ணீர் வாளியின் அடி தெரிய நிற்கும். கடைசியில் ஒரு ஸ்பூன் மணலில் வினிகர் ஊற்றிப் பார்க்கவேண்டும். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம்.

5 அடி நீளம், 2 அடி அகலத் தொட்டியில் 2 அங்குலம் மணல் போட்டால் 70 கிலோவைத் தாண்டும். தண்ணீரின் எடை அதைவிடப் பல மடங்கு. இரும்பு ஸ்டாண்டும் அதற்கேற்ற தரையும் இருந்தால்தான் இந்த யோசனை. 20 செ.மீ.க்கு மேல் வளரும் மீன், அதுவும் ஐந்தாறு பேராகச் சேர்ந்தால்தான் தைரியமாக மேயும் மீன். ஒன்றை மட்டும் வாங்கிச் சின்னத் தொட்டியில் விடுவது அதைத் தண்டிப்பதற்குச் சமம்.

மணலை மாற்றிய மறுநாள் மீன்கள் குனியவில்லை. மூன்றாம் நாள் ஒன்று குனிந்தது. ஒரு வாய் எடுத்து உடனே துப்பிவிட்டு நின்றது. மறுபடி எடுத்தது. இந்த முறை மென்றது. செவுளிலிருந்து மணல் ஒழுகியது. அன்று மாலைக்குள் ஆறும் குனிந்துவிட்டன. உதடு சிதைந்ததும் ஒரு மாதத்தில் ஆறியது.

மீன் வளர்ப்பில் நான் கற்ற மிகப் பெரிய பாடம் இதுதான். இரை போட்டால் மீன் உயிரோடு இருக்கும். வேலை கொடுத்தால்தான் மீன் மீனாக இருக்கும். ஜியோபேகஸின் வாய், உதடு, வாயின் தரை, செவுள் மடல், தொண்டைத் தாடை எல்லாமே மணலை எதிர்பார்த்து உருவானவை. மணல் இல்லாத தொட்டியில் இந்த மீனைப் பார்ப்பது, தறி இல்லாத வீட்டில் சின்னாளபட்டி நெசவாளியைப் பார்ப்பதுபோல. கை இருக்கிறது, கை அசைவதற்கு ஒன்றும் இல்லை.

திண்டுக்கல் தண்ணீரும் அமேசான் மீனும்

ஜியோபேகஸ் வாழும் தப்பஜோஸ் போன்ற ஆறுகள் தெளிந்தவை. உப்பு மிகக் குறைவு. ஏறக்குறைய மழைத் தண்ணீர். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் கடினப் பாறை இடுக்குகளில் தங்கி உப்பைக் கரைத்துக்கொண்டு வருவது. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஆயிரத்தைத் தாண்டுவது இந்த வட்டாரத்தில் அதிசயம் இல்லை. தொட்டியிலேயே பிறந்து வளர்ந்த ஜியோக்கள் ஓரளவு கடின நீரைப் பொறுத்துக்கொள்ளும். ஆனால் இந்த அளவை அல்ல. நான் மாடியில் பிடிக்கும் மழைத் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ பாதிக்குப் பாதி கலக்கிறேன். குழாயில் வரும் குடிநீரானால் குளோரின் இருக்கும். ஹைப்போ என்று கடையில் விற்கும் சோடியம் தயோசல்பேட்டை அளவோடு போட்டு அதை முறிக்கவேண்டும்.

இந்த மீன்களுக்கு 28 டிகிரியை ஒட்டிய வெப்பம் பிடிக்கும். ஆகவே ஹீட்டர் வாங்கும் செலவு நமக்குப் பெரும்பாலும் இல்லை. சித்திரை, வைகாசியில்தான் சிக்கல். தண்ணீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையும், 30-ல் 7.6, 35-ல் 6.9. மீனின் உடலோ சூட்டில் வேகமாக இயங்கி அதிக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடும் நேரம். நான் தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு, மேற்பரப்பைத் தடவிப்போகிற மாதிரி ஒரு டேபிள் ஃபேனை வைக்கிறேன். தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துப்போகிறது. மண்பானை தண்ணீரைக் குளிரவைப்பதும் இதனால்தான். இரண்டு டிகிரி இறங்கினாலே மீன்களின் மூச்சு வேகம் குறைவது கண்ணுக்குத் தெரியும். கரண்ட் போனால் ஓடுவதற்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று எப்போதும் தயாராக இருக்கவேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கணக்கும் உண்டு. மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. அது விஷம். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கொடியதல்ல. இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பான்ஜிலும் மணல் துகள்களின் மேலும் குடியேறிப் பெருக ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் ஆகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்குவதால்தான் பல வீடுகளில் முதல் வாரத்திலேயே மீன் செத்து மிதக்கிறது. கார நீரில் ஆபத்து இன்னும் அதிகம். பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு கழிவில் விஷ வடிவ அமோனியாவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது.

நைட்ரேட்டை வெளியேற்ற வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரையாவது மாற்றவேண்டும். ஜியோக்கள் இதில் கறார். அழுக்குத் தண்ணீரில் நீண்ட நாள் கிடந்தால் நெற்றியிலும் தலைப் பக்கங்களிலும் ஊசி குத்தியதுபோல் குழிகள் விழும். மாற்றிய தண்ணீரை நான் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றுகிறேன். நைட்ரேட் மீனுக்குச் சுமை, செடிக்கு உரம்.

மணலைச் சுத்தம் செய்யும் வேலையை மட்டும் மீன்களே எடுத்துக்கொள்கின்றன. கிளறப்படாத மணல் அடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்து, கறுத்து, அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு சேரும். ஆறு ஜியோக்கள் நாள் முழுக்கக் கிளறும் மணலில் அது சேர இடமே இல்லை. வயலில் மண்புழு செய்யும் உழவை இங்கே மீன் செய்கிறது. வேர் பிடித்து நிற்கும் செடிகளைப் பிடுங்கிவிடும் என்பதால், மரக்கட்டையில் கட்டிவைக்கும் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்றவை போதும்.

அதே வாய், இன்னொரு வேலை

ஒரு நாள் ஜோடி சேர்ந்த இரண்டு மீன்கள் தட்டைக் கல் ஒன்றை வாயால் துடைத்துத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கின. பெண் வரிசையாக முட்டையிட, ஆண் பின்னாலேயே வந்து கருவூட்டியது. அடுத்த இரண்டு மூன்று நாள் மாறி மாறிக் காவல். பிறகு கல்லில் முட்டைகளைக் காணோம். அழிந்துவிட்டன என்று நினைத்தேன். பெண்ணின் தாடை உப்பியிருந்தது. பொரித்த குஞ்சுகள் வாய்க்குள் இருந்தன.

ஜியோபேகஸ் அல்டிஃப்ரான்ஸ் போன்ற இனங்களில் அப்பா, அம்மா இருவருமே குஞ்சுகளை வாயில் ஏற்றுக்கொள்கிறார்கள். கொலம்பியாவின் ஜியோபேகஸ் ஸ்டைன்டாக்னரியில் முட்டை விழுந்த உடனேயே தாய் மட்டும் வாயில் எடுத்துக்கொள்கிறது. பிரேசில் கரையோர இனம் ஒன்று வாயில் வைப்பதே இல்லை, வெளியிலேயே காவல் காக்கிறது. ஒரே கூட்டத்துக்குள் இத்தனை வழக்கம்.

நான் வியந்தது வேறொன்றுக்கு. பகல் முழுக்க மணலிலிருந்து புழுவைப் பிரித்து விழுங்கிய அதே வாய், புழுவின் அளவே இருக்கும் குஞ்சுகளை விழுங்காமல் வைத்திருக்கிறது. குஞ்சுகள் நீந்தப் பழகிய பிறகு, தொட்டிக்கு வெளியே நிழலாடினால் போதும், தாய் தலையைத் தாழ்த்துகிறது. மேகம்போல் நின்ற குஞ்சுகள் அத்தனையும் வாய்க்குள் போய்விடுகின்றன. அபாயம் நீங்கியதும் மெதுவாகத் துப்புகிறது. மணலைத் துப்பும் வேகம் அதில் இல்லை.

நம் குளத்து ஜிலேபியும் வாயில் குஞ்சு காக்கும் மீன்தான். கோடையில் குளம் வற்றும்போது சேற்றில் தாம்பாளம் தாம்பாளமாகக் குழிகள் தெரியுமே, அவை ஆண் ஜிலேபி வாயால் தோண்டிய கூடுகள். முட்டையை ஏந்துவது தாய். இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத குளம் அபூர்வம். உள்ளூர் மீன்களுக்கு அது இடத்தையும் இரையையும் விட்டுவைக்கவில்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னட்டும் என்று வாங்கிய 'டேங்க் கிளீனர்' மீனும் தொட்டியிலிருந்து ஆற்றுக்கும் ஏரிக்கும் போய், இப்போது வலையைக் கிழிக்கிறது என்று மீனவர்கள் நொந்துகொள்கிறார்கள். சிங்கப்பூர் நீர்த்தேக்கங்களில் ஜியோபேகஸே குடியேறிவிட்டது. ஆகவே வளர்க்க முடியாத நிலை வந்தால் கடைக்கோ இன்னொரு வளர்ப்பாளருக்கோ கொடுத்துவிடவேண்டும். ஆற்றில் விடுவது மீனுக்குச் செய்யும் புண்ணியம் என்று எண்ணவே கூடாது. அந்த ஆற்றில் ஏற்கெனவே மணல் அரிக்கும் ஒருவர் குடியிருக்கிறார்.

நம் ஊர் மண் தின்னி

அயிரையின் அறிவியல் பெயர் லெப்பிடோகெஃபாலிக்திஸ் தெர்மாலிஸ். தெர்மாலிஸ் என்றால் வெந்நீருக்குரியது. 1846-ல் அதை விவரித்த பிரெஞ்சு அறிஞர் வாலன்சியனுக்குக் கிடைத்த மீன்கள் திருகோணமலைக்கு அருகே கன்னியா வெந்நீர் ஊற்றிலிருந்து வந்தவை. அதனால் அந்தப் பெயர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மணல் பாங்கான ஓடைகளிலும் கண்மாய்களிலும் வாழும் மீன். சிக்லிட்டுக்கும் அயிரைக்கும் உறவு என்று சொல்ல ஒன்றுமில்லை; மீன் குலத்தின் மிகத் தொலைவான இரண்டு கிளைகள்.

மீன்காரம்மாவிடம் வாங்கியதில் ஆறு அயிரைகளைக் குழம்புக்குக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டேன். சின்னத் தொட்டி, அதே ஆற்று மணல். விட்டவுடன் ஆறும் மாயமாகிவிட்டன. இருட்டிய பிறகு டார்ச்சை ஒரு ஓரமாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். மணலில் இரண்டு கண்கள் தெரிந்தன. பிறகு ஒரு மூக்கு, வாயைச் சுற்றி மீசை. மீசையால் தடவித் தடவி ஓரிடத்தில் நின்றது. வாயை மணலில் அழுத்தியது. ஒரு கணம் கழித்து, செவுள் ஓரத்திலிருந்து மணல் புகைபோல இரண்டு பக்கமும் வெளியேறியது.

பக்கத்துத் தொட்டியில் ஜியோக்கள் உறங்கிக்கொண்டிருந்தன. அமேசானுக்கும் குடகனாற்றுக்கும் இடையே இரண்டு பெருங்கடல்களும் ஒரு கண்டமும் இருக்கின்றன. ஒருவரையொருவர் பார்க்காமலே இரண்டு மீன்களும் ஒரே தொழிலைக் கற்றிருக்கின்றன. கற்பித்தது மணல். மணல் இருக்கும் இடத்தில் புழு இருக்கிறது. புழு இருக்கும் இடத்தில் அதை அரித்தெடுக்கும் ஒரு வாய் உருவாகிவிடுகிறது.

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் தூண் சிற்பங்களைப் பார்த்துவிட்டு அப்படியே ஆற்றுப் பக்கம் நடப்பது என் வழக்கம். சில இடங்களில் மணல் முழங்கால் ஆழத்துக்கு இருக்கிறது. சில இடங்களில் அள்ளப்பட்டுப்போய்ப் பாறையும் களியும் சீமைக்கருவேலமும்தான் மிச்சம். முன்பெல்லாம் அந்த இடங்களைப் பார்த்தால் தண்ணீர் தங்காதே என்ற கவலைதான் வரும். இப்போது எம்-சாண்ட் போட்ட என் முதல் தொட்டி ஞாபகம் வருகிறது: குனிவதை நிறுத்திவிட்டு, தலையைத் தூக்கிக்கொண்டு நின்ற ஆறு மீன்கள். தொட்டி மணலை ஒரே நாளில் மாற்றிவிட்டேன். ஆற்று மணலை அப்படி மாற்ற முடியாது. இருக்கிற இடத்தில் அது இருக்கவேண்டும், அவ்வளவுதான். அடுத்த மழைக்குத் தண்ணீர் வரும்போது, மண்ணுக்குள்ளேயே கிடந்து மண்ணையே மேய்கிற மீன் அங்கே வந்து வாய் வைக்கும்.